பூனை பயந்த கிழமைகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் போனது, திரும்ப எழுதவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதியவை எல்லாம் கடல் தாண்டி அக்கரைச் சிறையில் கூட இருந்தவர்களுக்காக, அவர்கள் வீட்டுக்கு எழுதிக் கொடுத்த கடிதங்கள்தான். எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி இருக்கும்: நான் இங்கே நலமாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம். அங்கே ஒருவரும் நலமாக இல்லை. அந்தக் கை எழுதுவதை நம்பிப் படிக்கச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். அதிலும் ஒரு பூனையைப் பற்றி. கடைத்தெருவில் யாராவது நிறுத்திப் பேசினால் பதில் சொல்ல வாய் வராத ஆள் நான். பேச வராததால் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஐஸ் பாரை மிஷினில் தள்ளி உடைத்து, தூளாக விழுவதைப் பெட்டிகளில் அள்ளிப் போட வேண்டும். காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறு. அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் விசைப்படகில் கடலுக்குப் போனேன். இப்போது போவதில்லை. நானாக நிறுத்தவில்லை.

நான் இருந்த படகு ஒரு தடவை பிடிபட்டது. எல்லை தாண்டிவிட்டோம் என்று அக்கரைக் கப்பல் வந்து இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் சிறையிலிருந்து திரும்பி வந்தோம், படகு வரவில்லை. மூன்று வருடம் கழித்து வேறொரு படகில் போனேன். அதுவும் பிடிபட்டது. இரண்டு படகிலும் இருந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். இரண்டாவது படகை ஓட்டிய டிரைவர், எல்லைக்கு அப்பால் இறால் கிடக்கிறது என்று தெரிந்தேதான் ஓட்டினார். நான் அப்போது வலையின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் இப்போதும் படகு ஓட்டுகிறார். என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

ஒருவரும் என் முகத்துக்கு நேராக எதுவும் சொன்னதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படகுக்கு ஆள் கூப்பிட வருகிறவர்கள் எங்கள் தெருவில் எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். அவ்வளவுதான். பிறகு ஒருநாள் காலையில், கடலுக்குப் புறப்பட்டுப் போகிறவர்கள் எதிரே வந்தார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த தடவை நானே சுவர் ஓரமாக ஒதுங்கினேன். அதற்கு அடுத்த தடவை சுவருக்குப் பின்னால் போனேன். வழியை யாரும் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். நான் உடைக்கிற ஐஸ் எல்லாப் படகிலும் போகிறது. ஐஸுக்கு ராசி பார்ப்பதில்லை.

பூனை என் மகளுடையது. எங்களுக்கு ஒரே பிள்ளை. புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தபோது, பின்பக்கம் குப்பையில் கிடந்த குட்டியை எடுத்து வார்டனுக்குத் தெரியாமல் வளர்த்தாள். கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருநாள் அதைத் தோள்பையில் போட்டு, ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வழியெல்லாம் கத்தியதாம். கண்டக்டர், "பைக்குள்ள என்னம்மா, பச்சப்புள்ளையா? அதுக்கும் அரை டிக்கெட் போடவா?" என்று கேட்டாராம். சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. அதற்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். அவள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். எனக்கும் என் மனைவிக்கும் அது பூனைதான்.

படிப்பு முடிந்து சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, பூனையை என் கையில் கொடுத்துச் சொன்னாள்: "அவுத்து மட்டும் விட்டுறாதீங்கப்பா. முன்ன வளத்த பூன ஐஸ் லாரியில அடிபட்டுச்சுல்ல? பெல்ட் மாட்டித்தான் வெளிய கூட்டிட்டுப் போகணும். தெனமும் போகணும். இல்லன்னா உள்ள கெடந்து கத்தும்."

"சரி" என்றேன்.

"சரின்னா சரியாப்பா? எனக்குன்னு இங்க இருக்கிறது அது ஒண்ணுதான், பாத்துக்கங்க."

"அப்ப நாங்க?" என்று என் மனைவி கேட்டாள். மகள் சிரித்தாள். எனக்கு அது சிரிப்பாக இல்லை; ஆனால் கோபமும் இல்லை.

பெல்ட் அவள் ஆன்லைனில் வாங்கியது. பூனையின் நெஞ்சைச் சுற்றி மாட்டி முதுகில் கிளிப் போட வேண்டும். அதோடு வந்த வார் ஒரே மாதத்தில் நைந்துவிட்டது. வலைக்கயிற்றில் ஐந்து முழம் வெட்டிக் கட்டினேன். காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். சாயங்காலத்தில் முடியாது, மீன் வண்டிகள் ஓடும். தெற்கே போனால் கருவாடு காயப்போடுகிற இடம், அங்கே நாய்கள். ஆகவே வடக்கே, ஐஸ் கம்பெனி மூலையைத் தாண்டி, படகு கட்டுகிற ஜெட்டிக்குப் பக்கத்தில் வலை காயப்போடுகிற திடல் வரைக்கும் போய்த் திரும்புவோம். அந்த ஒரு பாதைதான். கடலுக்குப் போகிறவர்களுக்கும் அதே பாதைதான்.

முதல் சில நாட்கள் ஊர் சிரித்தது.

"பூனைக்கு வாக்கிங்கா? ஏன், சுகர் இருக்கா அதுக்கு?"

"நாய் வாங்க வக்கில்லாதவன் பூனையக் கட்டி இழுக்குறான் பாரு."

"இதுக்கும் டோக்கன் வாங்கணும்டி, கடலுக்குள்ள போகுதுல்ல!" மீன் பெட்டி கழுவுகிற பெண்கள் சொன்னது இது. கடலுக்குப் போகும் படகு ஒவ்வொன்றும் ஆபீஸில் டோக்கன் வாங்கித்தான் போக வேண்டும்.

எனக்குக் காது சுடும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஜனங்கள் பூனையைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. பல வருடங்களாக நான் தெருவில் நடந்தால் என்மேல் ஒரு பார்வை விழுந்து சட்டென்று விலகும். அது எனக்குத் தோலில் தெரியும். பூனை வந்த பிறகு அந்தப் பார்வை கீழே போய்விட்டது. காலை நேரத்து ஈர மண்ணில் அது ஒவ்வொரு காலாக உதறிக்கொண்டு நடக்கும். நண்டு வளையைக் கண்டால் மூக்கை வைத்துப் படுத்துவிடும். நானும் நிற்பேன். ஒரு பூனை மூக்கை எடுக்கும்வரை காத்துக்கொண்டு நிற்பதைவிட நல்ல வேலை எதுவும் எனக்கு அந்த வருடத்தில் கிடைக்கவில்லை.

பிறகுதான் அந்தப் பயம் வந்தது.

ஐஸ் கம்பெனி மூலையில், நல்லபடியாக நடந்து வந்த பூனை திடீரென்று தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. காது இரண்டும் தலையோடு படிந்துவிட்டது. கண் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்கி நான் அதுவரை பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். தூக்கப் போனேன். ஈரம். நின்ற இடத்திலேயே மூத்திரம் போயிருந்தது. என் சட்டையைக் கிழித்துக்கொண்டு தோளில் ஏறி, வீடு வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்தது. சுற்றிலும் பார்த்திருந்தேன். நாய் இல்லை, வண்டி இல்லை. படகுக்குப் போகிறவர்கள் ஐந்தாறு பேர் தண்ணீர் கேனும் பையுமாகக் கடந்து போனார்கள். வழக்கம்போல நான் சுவருக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் அதே மூலையை ஒன்றும் நடக்காத மாதிரி தாண்டியது. அதற்கடுத்த தடவை மறுபடி. ஒருநாள் நன்றாக இருக்கும், ஒருநாள் உயிர் போகிற மாதிரி பயப்படும். என் மனைவி, "அந்த மூலையில என்னமோ இருக்குங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்" என்றாள். ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிகிறதோ என்று நான் மூக்கை வைத்துப் பார்த்தேன். மகள் ஃபோனில் நர்ஸ் மாதிரியே பேசினாள்.

"என்னைக்கு என்னைக்குப் பயப்படுதுன்னு காலண்டர்ல வட்டம் போடுங்கப்பா. நாங்க பேஷண்ட்டுக்கு சார்ட் எழுதற மாதிரி. ஒரு மாசம் போட்டா எதுனாலன்னு தெரிஞ்சிரும்."

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை. மூலையில் பூனை முறுக்கி, பெல்ட்டிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிட்டது. நான் பின்னால் ஓடினேன். நல்ல வேளையாக வீட்டுக்குத்தான் ஓடியது. கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. என்ன ஏது என்று தெரியாமல் என் மனைவி கையை விட்டு இழுத்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கீறிவிட்டது. ஊசி போட நான்கு தடவை ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். மீனை உப்பில் புரட்டிக் கருவாடு போடுகிற வேலை அவளுக்கு. அந்தக் கையை உப்பில் வைக்க முடியாது.

அவள் கத்தவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா ஆலங்குடிக்காரர் வண்டியில ஏத்தி விட்டுருவேன். மகளுக்கு நீங்க பதில் சொல்லிக்கங்க."

ஆலங்குடிக்காரர் என்பது ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிக்கொண்டு போக வருகிற லாரி டிரைவர். அவர் வீட்டில் நிலக்கடலை மூட்டை அடுக்கியிருப்பார்கள், எலித் தொல்லை. பூனையைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "எனக்குக் குடுங்கண்ணே. ராசா மாதிரி வச்சிக்கிறேன். இங்க கயித்துல கட்டிக் கெடக்குறதுக்கு அங்க மூட்டைக்கு மூட்டை தாவிக்கிட்டுத் திரியும்." நல்ல மனிதர்தான். நான் ஒவ்வொரு தடவையும் "மகளோடது" என்பேன். மகளுடையது என்று சொல்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. என்னுடையது என்று சொல்லக் கூச்சம்.

மாதம் முடிந்து காலண்டரைப் பார்த்தபோது வட்டங்கள் எல்லாம் மூன்று கிழமைகளில் விழுந்திருந்தன. திங்கள், புதன், சனி. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், விசைப்படகு கடலுக்குப் போகிற கிழமைகள் அவை. காலையில் போனால் மறுநாள் காலையில் திரும்பும்.

எனக்குப் பெரிய நிம்மதி. பேய் இல்லை, பிசாசு இல்லை, படகு இன்ஜின் சத்தம்தான் என்று முடிவு செய்தேன். மகளிடம் சொன்னேன், அவளுக்கும் சரியென்று பட்டது. அதற்குள் தடைக்காலம் வந்தது. மீன்கள் குஞ்சு பொரிக்கிற காலம் என்று இரண்டு மாதம் படகுகள் போகக் கூடாது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு வட்டம்கூட இல்லை. பூனை மூலையைத் தாண்டி, திடலைத் தாண்டி, ஜெட்டிப் படி வரைக்கும் நடந்தது. என் மனைவியும் ஒருநாள் எங்களோடு வந்தாள். ஆறிய கையால் அதன் முதுகைத் தடவினாள். "கழுத, நல்லாத்தான் இருக்கு" என்றாள். தடைக்காலம் முடிந்து முதல் திங்கட்கிழமையே வட்டம் போட வேண்டியதாயிற்று. அவளுக்குத் தெரியாமல் போட்டேன்.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன், பிறாண்டி எடுத்துவிட்டது. அந்த மூன்று நாளும் வெளியே கூட்டிப்போகாமல் இருந்து பார்த்தேன். எங்களுடையது வரிசையாக ஐந்து வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டிய வாடகை வீடு. கத்திய கத்தலில் அடுத்த வீட்டிலிருந்து சுவரைத் தட்டினார்கள். மறுபடி கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எது காரணம் என்று தெரிந்தது ஒரு வேலைநிறுத்தத்தின்போதுதான். எங்கள் பக்கத்துப் படகு இரண்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊரே கடலுக்குப் போகாமல் நிறுத்தியிருந்தது. ஒரு புதன்கிழமை. படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. ஒரு இன்ஜின்கூட ஓடவில்லை. அலைச்சத்தம் தெருவுக்கே கேட்டது. இன்று பயமில்லை என்று நானும் பூனையும் நிம்மதியாக நடந்தோம். மூலைக்குப் பக்கத்தில் வந்தபோது எதிரே ஒரே ஒரு ஆள் வந்தார். என்னோடு பிடிபட்ட அந்த டிரைவர். படகைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகவில்லை. கையில் ஒரு தூக்குவாளி மட்டும்.

என் கால் சுவருக்குப் பின்னால் போய்விட்டது. நான் நினைக்கவில்லை, அதுவாகப் போனது. அவர் செருப்புச் சத்தம் கடந்து போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பார்த்தால் பூனை தரையோடு ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் இல்லை. படகு இல்லை. கூட்டமும் இல்லை. என் கையைப் பார்த்தேன். ஐந்து முழக் கயிற்றை உள்ளங்கையில் மூன்று சுற்றுச் சுற்றி, முஷ்டியை மூடி, நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தேன். பெல்ட் பூனையின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. கை ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் கயிற்றில் இறங்கி, பூனையின் முதுகில் கிளிப் மாட்டியிருக்கிற இடத்தில் போய் நின்றது. அந்த இடத்து முடி துடிப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

காலண்டரில் மாதக்கணக்காக நான் வட்டம் போட்டது எதற்கு என்று அப்போது தெரிந்தது. அது என் சார்ட்.

இதை மகளிடம் எப்படிச் சொல்வது? அப்பா ஊர்ப் பாதையில் ஒளிந்துகொள்கிறவன் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும், தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. பூனை இந்த வீட்டில் இருக்க வேண்டுமென்றால் நான் ஒதுங்கக் கூடாது. சுவருக்குப் பின்னால் போகாமல், கயிற்றைச் சுற்றாமல், சும்மா நிற்க வேண்டும். எதிரே வருகிறவர்கள் என்னைக் கடந்து போக வேண்டும். அவ்வளவுதான். வேறு யாருக்கும் அது ஒரு வேலையே இல்லை.

வேலைநிறுத்தம் முடிந்தது. படகுகள் போகிற முதல் நாள் சனிக்கிழமையாக விழுந்தது. முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அந்தப் படகுகளுக்கு ஐஸ் உடைத்திருந்தேன், தோள் வலித்தது. காலையில் பெல்ட் மாட்டினேன். மூலைக்கு வந்தோம். நான் சுவருக்கு முன்னால், பாதையின் ஓரத்தில் நின்றேன். கயிற்றை இரண்டு விரலில் தொங்கவிட்டுக்கொண்டேன். பூனை என்னை நிமிர்ந்து பார்த்தது. பிறகு உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தது.

ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் அந்த டிரைவர். அவருக்குப் பின்னால், அவர் ஓட்டுகிற படகில் வேலை பார்க்கிற என் மனைவியின் தம்பி. மற்ற மூன்று பேரும் தெரிந்தவர்கள்தான். பேச்சு நின்றது. நான் நகரவில்லை. கால் சுவருக்குப் பின்னால் போகக் கேட்டது, நான் விடவில்லை. கை ஆடவில்லை. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மைத்துனன்தான் முதலில் சொன்னான். "மச்சான், இங்கிட்டு வாங்க. கொஞ்சம் ஓரமா வாங்க மச்சான்."

"ஓரமாத்தான் நிக்கிறேன்" என்றேன். அந்த மூலையில் நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

பின்னால் வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். "ஒண்ணு நின்னாலே தாங்காது. இன்னிக்கு ஜோடி போட்டுல்ல நிக்குது!"

அந்த நேரம் பூனை எழுந்தது. கயிறு தளர்வாக இருந்ததால் அதற்கு எந்தப் பக்கமும் போகலாம். அவர்கள் கையில் இருந்த பையில் கருவாட்டு வாசம் வந்திருக்க வேண்டும். நிதானமாகப் பாதையின் குறுக்கே நடந்து, டிரைவருக்கு முன்னாலேயே போய், என் மைத்துனன் காலில் முதுகை உரசிவிட்டு, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. வாலைச் செங்குத்தாக வைத்திருந்தது. அவ்வளவு நிம்மதியாக அதை அந்த இடத்தில் நான் பார்த்ததே இல்லை.

டிரைவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யாரு மேலயும் கோவமில்லப்பா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்று தன் ஆட்களிடம் சொன்னார். எங்கள் பக்கத்தில் புறப்படும்போது சகுனம் தட்டினால் அப்படித்தான். அங்கேயே உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, புதிதாகப் புறப்படுகிற மாதிரி எழுந்து போக வேண்டும். கம்பெனி வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டிகளின் மேல் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். கேனைத் திறந்து வரிசையாகக் குடித்தார்கள். என் மைத்துனன் குடிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. பெட்டி கழுவுகிற பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து, என் பக்கம் வராமல், கம்பெனியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக ஜெட்டிக்குப் போனார்கள்.

நான் அங்கேயே நின்றேன். அந்த டிரைவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அக்கரையில், மூன்று மாதம். அவர் மனைவிக்கு நான்தான் கடிதம் எழுதினேன். நலமாக இருக்கிறார் என்று.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. தம்பி ஜெட்டியிலிருந்து ஃபோன் பண்ணியிருக்கிறான். என் மனைவி வாசலில் நின்றாள்.

"எந் தம்பி அந்தப் படகுல இருக்கான். தெரியும்ல ஒங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பூனைய வச்சிக்கிட்டு நடுப்பாதையில நின்னீங்களா? கடலுக்குப் போறவன் முன்னாடி?"

"பூன இன்னிக்குப் பயப்படலை" என்றேன். அதைத்தான் சொல்ல வந்தேன். வழியெல்லாம் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் நடந்து வந்தேன்.

"நான் பயப்படுறேன்ல" என்றாள். "ரெண்டு தடவ ஒங்களுக்காக அந்தக் கடலப் பாத்து உக்காந்திருக்கேன். மூணாவது தடவ எந் தம்பிக்கு உக்கார என்னால ஆவாதுங்க."

அவள் என் ராசியை நம்புகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம். அவள் நம்புவதில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். ஐஸ் உடைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல், கடல் தெரியும். பகல் முழுக்க அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது கம்பெனிக்குள் ஓடி வந்தால் கை நின்றது. ஒருவன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு "எந்தப் படகு? எந்தப் படகு?" என்று கேட்டபோது மிஷினை நிறுத்திவிட்டுப் போய் நின்றேன், அவன் டீசல் போடுகிற படகைக் கேட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஆவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் நம்புகிறேன். அந்தப் படகு பிடிபட்டால் என்னால்தான் என்று, ஊர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்ளத் தயாராக இருந்தேன். எல்லை தாண்டி ஓட்டியவர் யார் என்று தெரிந்த நானே. தூங்கிக்கொண்டிருந்த நானே.

ஆறு மணிக்கு ஆலங்குடிக்காரர் லாரி கம்பெனி வாசலில் நின்றது. நான் அவரிடம் போனேன். என் மனைவி சொல்லி வைத்திருப்பாள் என்று நினைத்தேன், அவள் சொல்லியிருக்கவில்லை. அன்று முழுக்க வீட்டை விட்டு அவள் வெளியே வரவில்லையாம். ஆகவே இதைச் சொன்னவன் நான்தான். வேறு யார் மேலும் போட முடியாது.

"பூனைய எடுத்துக்கிறீங்களா?"

"மகளோடதுன்னீங்களேண்ணே?"

"எடுத்துக்கங்க."

"இப்பவே வேணாம்ணே, விடியக்காலம் நாட்டுப்படகு மீன ஏத்திக்கிட்டுக் கெளம்புறப்ப வந்து வாங்கிக்கிறேன். ஐஸ் பெட்டி பக்கத்துல வச்சா வெறச்சுப் போகும். முன்னாடி சீட்டுல எங்கூடவே வச்சிக்கிறேன். பயப்படுமா?"

"கயித்த இழுத்துப் பிடிக்காதீங்க" என்றேன். "தளத்தி விட்டீங்கன்னா பயப்படாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு லாரி வீட்டு வாசலுக்கு வந்தது. பூனையை மீன் கூடையில் வைத்து, மேலே வலைத்துண்டு கட்டிக் கொடுத்தேன். ஏழேகாலுக்கு அந்தப் படகு திரும்பியது. ஐந்து பேரும் வந்தார்கள். நல்ல இறால். என் மைத்துனன் ஒரு கவரில் நண்டு கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனான். எட்டு மணிக்கு வேலைக்குப் போய் அந்த இறாலுக்கு ஐஸ் உடைத்தேன். மத்தியானம் மகள் ஃபோன் பண்ணினாள். பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இப்போது பயப்படுவதில்லை என்றேன்.